வீட்டில் கட்டிய பாய்ப்படகைக் கடலுக்கு எடுத்துப் போகும் முன்

மதுரையில் வீட்டுக் கொல்லையில் 15 அடி நீளத்துக்கு பிளைவுட் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி முடித்துவிட்டீர்கள். நீங்களும் உங்கள் மச்சானும் தொண்டியில் இறக்கி, கரையோரமாகவே மண்டபம் வரை நாலைந்து நாள் போக நினைக்கிறீர்கள். அதற்கு என்னென்ன சாமான் வாங்கலாம் என்று பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் நடுவில், "கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள், பதில் தெரியவில்லை" என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அந்த வரியைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை கிடைக்கும் வரை சாமான் எதையும் வாங்க வேண்டாம். விடை கிடைத்த பிறகு பட்டியலில் பாதி தானாகவே எழுதப்பட்டுவிடும்.

மண்டபம் பக்கம் ஃபைபர் படகு கட்டும் பட்டறைகளில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். பிறகு சிறு படகுகளைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதே தொழிலாகிவிட்டது. உங்கள் படகை நேரில் பார்க்கவில்லை. அதனால் அது எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு காற்றுக்கு நிற்கும் என்று இங்கிருந்து சொன்னால் அது வெறும் ஊகம். அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்.

மார்கழி, தையில் கண்மாய், அதன் பிறகு வைகை அணை, மாசியில் கடல். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு.

முதலில் வீட்டிலேயே முடிய வேண்டிய வேலை. நீங்கள் வாங்கிய பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருந்ததா? இந்தியாவில் மரைன் பிளைவுட்டுக்கான தரம் அதுதான். 303 என்று இருந்தால் அது வீட்டு அலமாரிக்கான பலகை. முத்திரை மேல் நம்பிக்கை இல்லையென்றால் மிச்சத் துண்டு ஒன்றை எடுத்துக் கொதிநீரில் நாள் முழுக்கப் போட்டு, காயவைத்து, மறுபடி போடுங்கள். தரக்கட்டுப்பாட்டுச் சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைப்பார்கள். அடுக்கு பிரிந்தால் கடல் ஆசையைத் தள்ளிவைத்து அந்தப் படகை அணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், எபாக்சி (பலகையை ஒட்டவும், நீர் புகாமல் பூசவும் பயன்படும் பிசின்) பூசிய பகுதி எதுவும் பெயிண்ட் இல்லாமல் வெயிலில் கிடக்கக் கூடாது, வெயில் பட்டால் எபாக்சி கெடும். மேல்தளத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம்தான். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்சி பெரும்பாலும் 50, 60 டிகிரிக்குள்ளேயே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கருநீலம் அடித்த பலகை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும்.

ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்கப் படகுக்குள் தண்ணீர் நிறைத்துப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் மர ஸ்டாண்டின் மேல் வைத்து நிறைக்காதீர்கள். உங்கள் அளவுப் படகில் இரண்டு அங்குலம் நிறைத்தாலே ஏறத்தாழ 200 கிலோ வரும், அடிப்பலகை வளைந்துவிடும். மணல் பரப்பி அதன்மேல் படகை முழுவதும் படியும்படி வைத்து நிறையுங்கள். வெளிப்புற மூட்டுகளில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் கசியும் இடம் உடனே கறுத்துக் காட்டும். காற்றறைகளை, அதாவது தண்ணீர் நிரம்பினாலும் படகை மிதக்க வைக்கும் மூடிய காற்றுப் பெட்டிகளைச் சோதிக்க, மூடியில் ஒரு சிறு குழாய் பொருத்தி வாயால் ஊதுங்கள், மூட்டுகளில் சோப்பு நுரை தடவுங்கள். சைக்கிள் பம்போ கம்ப்ரசரோ வேண்டாம். தட்டையான பலகைக்குக் கொஞ்ச அழுத்தமே பிளக்கப் போதும்.

இனி கண்மாய். ஊராரிடமும் மீன் பாசிக் குத்தகைக்காரரிடமும் சொல்லிவிட்டு இறக்குங்கள். தரையில் சீமைக்கருவேல முள் கிடக்கும், ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். நெஞ்சளவு தண்ணீர் உள்ள இடம் போதும். முதலில் காலிப் படகை மிதக்கவிட்டு, முன்னும் பின்னும் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். பிறகு நாலைந்து நாள் பயணத்தில் இருக்கப்போகும் எடையை ஏற்றுங்கள். அதற்கு 20 லிட்டர் தண்ணீர் கேன்களே போதும், ஒரு லிட்டர் ஒரு கிலோ. இரண்டு பேர், குடிநீர், சமையல் சாமான், கூடாரம், நங்கூரம் எல்லாம் சேர்த்தால் 250 கிலோவுக்குக் குறையாது. இவ்வளவும் ஏற்றிய பிறகு நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை ஒரு அடிக்கும் குறைவாக இருந்தால் சாமானைக் குறையுங்கள். இருவரும் ஒரே பக்க விளிம்பில் உட்கார்ந்து பாருங்கள். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கும் நிலை எது என்று உங்கள் உடம்புக்கே தெரிந்துவிட வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியமானது, எல்லோரும் தட்டிக்கழிப்பதும் அதைத்தான். படகை வேண்டுமென்றே கவிழ்த்து, முழுக்கத் தண்ணீர் நிறைத்துப் பாருங்கள். 6 மீட்டருக்குக் குறைவான படகுகளின் நிலைத்தன்மைக்கென்றே ஐ.எஸ்.ஓ. 12217 என்ற சர்வதேசத் தரத்தின் மூன்றாம் பகுதி இருக்கிறது. நிரம்பிய பிறகு மிதக்கிறதா, கவிழ்ந்தால் ஆட்களே நிமிர்த்த முடிகிறதா என்பதையெல்லாம் அதில் சோதித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் கட்டிய படகுக்கும் அதே கேள்விகள்தான். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எடைக்காக வைத்த தண்ணீர் கேன்களை இந்தச் சோதனைக்கு முன் இறக்கிவிடுங்கள். தண்ணீருக்குள் தண்ணீர் கேனுக்கு எடை கிடையாது, அதை வைத்துச் சோதித்தால் பொய்யான தேர்ச்சி கிடைக்கும். நங்கூரம், சங்கிலி, பேட்டரி, அடுப்பு, கருவிப் பெட்டி இவற்றுக்குச் சமமான இரும்பைக் கட்டி வைத்துச் சோதியுங்கள். படகை மூழ்கடிக்கக்கூடியது அந்த எடைதான்.

நிரம்பிய படகில் நாலு விஷயம் பாருங்கள். முதலாவது, மட்டமாக மிதக்கிறதா, ஒரு பக்கம் குத்திக்கொண்டு நிற்கிறதா. இரண்டாவது, சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க நடுவில் நீருக்குள் இறக்கும் பலகை) இறங்கும் கூட்டின் மேல்விளிம்பு வெளி நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. அந்த விளிம்பு தண்ணீருக்குள் இருந்தால் நீங்கள் எத்தனை வாளி இறைத்தாலும் அந்தக் கூட்டின் வழியாக அதே வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், படகு ஒருபோதும் காலியாகாது. கூட்டை உயர்த்த வேண்டும், அல்லது மேலே இறுக்கமான மூடி போட வேண்டும், அல்லது காற்றறையைக் கூட்ட வேண்டும். மூன்றாவது, பக்கவாட்டில் கவிழ்ந்து கிடக்கும்போது சென்டர்போர்டில் ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் படகு நிமிர்கிறதா. அப்போது பலகை கூட்டுக்குள் வழுக்கிப் போய்விடாதபடி ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும். நான்காவது, நிமிர்ந்த படகுக்குள் நீங்கள் ஏற முடிகிறதா. நனைந்த சட்டையும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டு, நிலைகொள்ளாமல் ஆடும் விளிம்பைத் தாண்டி ஏறுவது திடகாத்திரமான ஆளுக்கே சிரமம். பின்பலகையில் ஒரு கயிற்று வளையம் கட்டி, தண்ணீருக்குள் இரண்டு அடி தொங்கும்படி விடுங்கள். கால் வைத்து ஏறலாம். செலவு ஒன்றுமில்லை, ஆனால் மற்ற எல்லாச் சாமானையும்விட இதை மதிக்கிறேன்.

இதையெல்லாம் மச்சானோடு சேர்ந்து ஒரு தடவை, ஒவ்வொருவரும் தனியாக ஒரு தடவை, இறைத்து முடிக்கும் வரை செய்யுங்கள். இறைக்கப் பம்ப் வேண்டாம். அகன்ற வாய் வாளி இரண்டு, கயிற்றில் கட்டியது. கரையில் ஒருவர் நின்று நேரம் பார்க்கட்டும். கால்மணி நேரத்துக்கு மேல் ஆனால் காற்றறை போதவில்லை.

எவ்வளவு காற்றறை வேண்டும்? பிளைவுட் தானே மிதக்கும். இரும்புச் சாமான் ஒரு 25 கிலோ என்று வையுங்கள். நிரம்பிய படகில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரின் எடையில் பாதிதான் படகின் மேல் விழும், அது ஒரு 80 கிலோ. அலையும் பழுதும் கருதி இரட்டிப்பாக்கினால் 200 லிட்டர் காற்றிடம் குறைந்தபட்சம் என்பது என் கணக்கு. 300 இருந்தால் நிம்மதி. இது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தரைப்பலகைக்கு அடியில் திணித்தால் நிரம்பிய படகு உருளப் பார்க்கும். இரண்டு முனைகளிலும், பக்கவாட்டில் விளிம்பை ஒட்டி உயரமாகவும் இருந்தால் மட்டமாக நிற்கும். பக்கத்தில் எவ்வளவு வைப்பது என்பதில் கட்டுபவர்களுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. அதிகமானால் கவிழ்ந்த படகு ஒருக்களித்து உயரமாக மிதந்து, சென்டர்போர்டு கைக்கு எட்டாமல் போய், முழுக்கத் தலைகீழாகவும் புரளலாம். உங்கள் படகுக்குச் சரியான அளவு கண்மாயில்தான் தெரியும். மூடி இறுகிய காலித் தண்ணீர் கேன் ஒன்று 20 கிலோவுக்கு நெருக்கமான மிதப்பு தரும், அவற்றை இருக்கைக்கு அடியில் பட்டையால் கட்டிக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். தெர்மாகோல் போடுவதானால் பெட்ரோல் படாத இடத்தில் போடுங்கள், பெட்ரோல் பட்டால் கரைந்துவிடும். ஊற்றி நுரைக்கவிடும் ஃபோம் பரவலாக விற்கிறது, ஆனால் வருடங்கள் போகப்போக நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பலகையோடு ஒட்டியிருப்பதால் அடியில் மரம் இற்றுப்போவதும் தெரியாது. நான் அதைப் போட மாட்டேன்.

இந்தத் தேர்வில் தேறிய பிறகு வைகை அணை. நீர்வளத் துறையின் அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். ஆடி ஆவணிக் காற்றில் போக வேண்டாம், அந்தப் பள்ளத்தாக்கில் அப்போது வீசும் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். தை மாதத்தில் காலை நேரம் தோதானது. மீன் வலை கட்டியிருக்கும் பக்கம் ஒதுங்கிப் போங்கள். முதல் நாள் பாயை முழுக்க விரிக்காமல், ஒரு மடிப்புச் சுருக்கியே ஏற்றுங்கள். சுக்கானை லேசாக விட்டால் படகு தானாகவே மெல்லக் காற்றை நோக்கித் திரும்பி நிற்க வேண்டும். அதுதான் சரியான குணம். காற்றுக்கு எதிர்ப்புறம் விலகி ஓடினால் ஆபத்து, சுக்கான் கை நழுவினால் படகு தானே வேகமெடுத்துக் கவிழும். பாய்மரத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும் குணம் கூடும். அளவுக்கு மீறி அப்படித் திரும்பிச் சுக்கானைப் பிடிக்கக் கை வலித்தால் மரத்தை நிமிர்த்துங்கள், அல்லது சென்டர்போர்டைச் சற்றுப் பின்னுக்குத் தூக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து எழுதி வையுங்கள்.

காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறும்போது மொபைல் ஜி.பி.எஸ்.சில் தடத்தைப் பதிவு செய்யுங்கள். சொந்தமாகத் தைத்த பாய் உள்ள படகுகள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் 100, 110 பாகை எடுத்துக்கொள்வது சகஜம். அதைவிட மோசமாக இருந்தால் எதிர்காற்றில் கரைக்குத் திரும்புவதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதே காற்றில் பாயை இறக்கிவிட்டுத் துடுப்பு போட்டு ஒரு மணி நேரம் ஏறிப் பாருங்கள். துடுப்பு எட்டு அடி இருக்க வேண்டும், ஒன்று உபரி. நடுநீரில் இருந்தபடியே பாயைச் சுருக்கப் பழகுங்கள். கரையில் சுலபமாக வரும் முடிச்சு அங்கே வராது. ஐந்து நிமிடத்துக்குள் முடிகிற வரை பழகுங்கள்.

இப்போது சாமான். நங்கூரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நீங்கள் போகும் பாக் விரிகுடாவின் அடி பெரும்பாலும் சேறும் மணலும்தான். மடக்குக் கொக்கி நங்கூரம் பாறைக்கு நல்லது, சேற்றில் உழுதுகொண்டே வரும். தட்டைச் சிறகு உள்ள டான்ஃபோர்த் வகை 4, 5 கிலோவில் ஒன்று, மூன்று நாலு மீட்டர் சங்கிலி, 10 மி.மீ. நைலான் கயிறு 40 மீட்டர். ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும். விரிகுடாவின் சராசரி ஆழமே 9 மீட்டர் அளவில்தான் என்பதால் கரையோரத்துக்கு இது தாராளம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சை, நீலக் கயிறு பாலிபுரொப்பிலீன், மிதக்கும். நங்கூரத்துக்கு ஆகாது, பிறர் படகின் இன்ஜின் விசிறியிலும் சிக்கும். கடல்புல் படுகையில் நங்கூரம் போடாதீர்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறார்கள், அது உங்கள் பாதைக்கு வடக்கே. ஆனால் கடற்பசு எல்லைக் கோடு பார்த்து மேய்வதில்லை.

திருகாணி, கொண்டியெல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள். பித்தளைத் திருகாணி உப்புநீரில் துத்தநாகம் அரித்துப்போய்ச் செந்நிறப் பொடியாக உடையும். லைஃப் ஜாக்கெட் படகில் ஏறியதிலிருந்து இறங்கும் வரை உடம்பில் இருக்க வேண்டும், விசில் கட்டியிருக்க வேண்டும். கையடக்கத் திசைகாட்டி ஒன்று. இரவில் ஓட்டவே வேண்டாம். இருட்டிவிட்டால், 7 மீட்டருக்குக் குறைவான பாய்ப்படகு வெள்ளை ஒளி டார்ச்சைக் கையில் தயாராக வைத்திருந்து நேரத்தோடு காட்ட வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. உபரி பேட்டரியும் எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீர் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர், அதற்குக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள். எம்-சீல், பிளைவுட் துண்டு, கொஞ்சம் திருகாணி, ரம்பம், தடித்த ஊசி நூல் ஒரு பெட்டியில். சமையல் சாமான் உங்கள் இஷ்டம். சாட்டிலைட் போனோ, சாட்டிலைட் வழி செய்தி அனுப்பும் கருவியோ வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்து கொடுத்தாலும் எடுத்துப் போகாதீர்கள், தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அது குற்றம். மொபைலில் 1554 கடலோரக் காவல் படை, 1093 கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸ். இரண்டையும் ஒரு பலகையில் பெயிண்டிலும் எழுதி ஒட்டுங்கள்.

தொண்டியிலிருந்து மண்டபம் கரையை ஒட்டி ஏறத்தாழ 70 கிலோமீட்டர். மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், ஆற்றங்கரை என்று இறங்கி இறங்கிப் போகலாம். ஆற்றங்கரையில் நின்றால் வைகை கடலைச் சேரும் இடம் பக்கம். கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்த அழகன்குளமும் அங்கேதான். மதுரையில் கட்டிய படகுக்கு இதைவிடப் பொருத்தமான தங்குமிடம் எனக்குத் தோன்றவில்லை.

மாசியில் வாடை தளர்ந்திருக்கும், தெற்கே போக அது பின்காற்று. பங்குனி பாதிக்கு மேல் தென்காற்று எழுந்தால் எதிர்த்து ஏற வேண்டிவரும். ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று நேரே கரைக்குத் தள்ளும், ஆழம் குறைவென்பதால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அணையில் அந்த அலையைப் பார்த்திருக்கவே மாட்டீர்கள். ஆனி முதல் ஆவணி வரை கச்சான் என்ற மேற்குக் காற்றுக்கு இந்த வடகடல் (பாக் விரிகுடா) கரை அமைதியாகத் தெரியும். அந்த அமைதியை நம்பாதீர்கள். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது, சுக்கானோ மரமோ ஒடிந்தால் அது உங்களை இலங்கை எல்லைப் பக்கமாகக் கொண்டுபோகும். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருங்கள். புறப்படும் முன் மரைன் போலீசுக்கும் இறங்கும் ஊர் மீனவர்களுக்கும் சொல்லுங்கள், ஆதார் கையில் இருக்கட்டும். பாம்பன் பாலத்துக்குக் கீழே போக ஆசைப்படாதீர்கள், அங்கே நீரோட்டம் கடுமை. அந்தப்பக்கத் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், உள்ள 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா, கால் வைக்கக் கூடாது. கரையோரம் களங்கட்டி வலைகளும் நண்டு வலைகளும் நிறைய இருக்கும். மிதவையைக் கண்டால் சுற்றிப் போங்கள், வேறு வழியில்லையென்றால் சென்டர்போர்டையும் சுக்கானையும் தூக்கிவிட்டுக் கடந்துபோங்கள். ஒரு வலை அறுந்தால் ஒரு வீட்டின் பல நாள் வருமானம் போகும்.

வானிலையைப் பற்றி ஒன்று. மீனவர்களுக்கான எச்சரிக்கை பெரும்பாலும் மணிக்கு 45, 55 கிலோமீட்டர் காற்றுக்குத்தான் வரும். எச்சரிக்கை இல்லை என்பது உங்கள் படகுக்குப் பாதுகாப்பு என்று ஆகாது. மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பில் காற்றின் வேகத்தைப் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டர் தாண்டினால் பாயைச் சுருக்குங்கள், 25 என்றால் கரையிலேயே இருங்கள். வெள்ளை நுரைத் தலைகள் கடல் முழுக்கத் தெரிந்தால் முன்னறிவிப்பு என்ன சொன்னாலும் இறக்காதீர்கள்.

கண்மாய்ச் சோதனை முடிந்ததும் மூன்று அளவுகளை இங்கே எழுதுங்கள்: நிரம்பிய படகில் விளிம்பு நீருக்கு மேல் எத்தனை அங்குலம் நின்றது, சென்டர்போர்டு கூட்டின் வாய் எவ்வளவு மேலே இருந்தது, இறைத்து முடிக்க எத்தனை நிமிடம் ஆனது. பாயின் பரப்பையும் சொன்னால் முதல் சுருக்கு எந்த இடத்தில் விழ வேண்டும் என்று கணக்கிட்டுத் தருகிறேன்.